ஒரு தேக்கரண்டி உப்பின் பாரம்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று, படையலுக்கு முன்னால், சொந்தமும் அயலும் கூடி நிற்க நீ சொன்ன சொல்லுக்கு நான் அன்றைக்கு வாய் திறக்கவில்லை. "உயிரோட இருக்கேக்க நிறுத்து நிறுத்துத்தானே குடுத்தனீங்கள், இப்பவாவது அள்ளி வையுங்கோ அம்மா" என்றாய். உன் மாமி, அப்பாவின் அக்கா, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மினார். நான் இலையில் சோற்றை வைத்துவிட்டுக் குசினிக்குள் போனேன். அழத்தான் போகிறேன் என்று எல்லோரும் நினைத்திருப்பார்கள். அழவில்லை. பாயாசம் அடிப்பிடிக்கிற மணம் வந்தது, பானையை இறக்கி வைக்கப் போனேன். அடுத்த நாள் விடிய நீ வவுனியா பஸ்ஸில் ஏறிவிட்டாய். அதற்குப் பிறகு நீ எடுத்த இரண்டு போனிலும் "சாப்பிட்டீங்களோ", "ஓம்", "சரி வைக்கிறன்" என்பதற்கு மேல் நமக்குள் கதை இல்லை. ஆகவே எழுதுகிறேன். நீ சபையில் வைத்துச் சொன்னாய். நானும் இதை மூடி ஒட்டி அனுப்பப் போவதில்லை. மாமி வாசிக்கட்டும். அன்றைக்கு வந்து சாப்பிட்டுப் போன அத்தனை பேரும் வாசிக்கட்டும். ஓம், உன் அப்பாவுக்கு நான் எட்டு வருடம் நிறுத்துத்தான் சாப்பாடு கொடுத்தேன். அதை மறைக்க நான் இதை எழுதவில்லை. எப்படி நிறுக்கத் தொடங்கினேன் என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

அப்பா எப்படிச் சாப்பிடுகிற மனுசன் என்று உனக்குத் தெரியும். வயலால் வந்து கைகால் கழுவிக் குந்தினார் என்றால், சோற்றின் நடுவில் குழி பறித்துச் சொதியை விட்டு, ஒரு கரையில் நெத்தலிக் கருவாட்டுப் பொரியல், மறுகரையில் பொரித்த மோர்மிளகாய் என்று கோப்பையை வயல் மாதிரி வரம்பு கட்டித்தான் தொடங்குவார். இரண்டாம் தரம் போடும்போது வேண்டாம் என்று சொன்னதை நான் கேட்டதில்லை. நீ உயர்தரம் படித்துக்கொண்டிருந்த வருடம் அவருடைய கால் வீங்கத் தொடங்கியது. பெருவிரலால் அமத்தினால் குழி விழுந்து, அந்தக் குழி எழும்ப நேரமெடுத்தது. வரம்பில் நடந்த களைப்பு என்றார். செருப்பு இறுக்கம் என்றார். கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்கு நான் இழுத்துக்கொண்டு போனபோது இரத்தத்தைச் சோதித்துவிட்டு, இரண்டு சிறுநீரகமும் பாதிக்கு மேல் பழுது என்று சொன்னார்கள். இனி அவை திரும்ப நல்லாய் வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம், அது சாப்பாட்டில்தான் இருக்கிறது என்று சொல்லி ஒரு கடதாசியைக் கையில் தந்தார்கள்.

அந்தக் கடதாசியை நீதான் எனக்கு வாசித்துக் காட்டினாய். மீன் இத்தனை கிராம், பருப்பு இத்தனை கிராம், ஒரு நாளைக்கு உப்பு எல்லாமாக ஐந்து கிராமுக்கு மேல் வேண்டாம். எல்லாம் கிராம். எங்கள் குசினியில் கிராம் என்று ஒன்று இருக்கவில்லை. அரிசிக்குச் சுண்டு இருந்தது. சுண்டென்று ரின்பால் பேணி ஒன்றின் விளிம்பைத் தட்டி மழுக்கி வைத்திருந்தேன். மாவுக்கும் அதே பேணிதான். பருப்புக்குக் கை குவித்து அள்ளுகிற சிறங்கை. உப்புக்கு ஒரு தேக்கரண்டி, அதற்குப் பிறகு நாக்கு. இதுகளை வைத்துக்கொண்டு கிராமை எங்கே பிடிக்கிறது? உன்னிடம் கேட்டேன். நீ போனைத் தட்டிப் பார்த்து, "ஒரு தேக்கரண்டி அஞ்சு மில்லிலீற்றர் அம்மா" என்று சொல்லிவிட்டுப் படிக்கப் போனாய். எனக்குக் காதில் விழுந்தது அந்த 'அஞ்சு' மட்டும்தான். டொக்டரின் ஐந்தும் கரண்டியின் ஐந்தும் ஒத்துப்போனதில் எனக்குப் பெரிய நிம்மதி. ஒரு நாளைக்கு ஒரு கரண்டி உப்பைக் காலையிலேயே கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுவேன். அவருடைய கறிக்கெல்லாம் அதிலிருந்துதான் எடுப்பேன். கிண்ணம் வெறுமையானால் அன்றைக்கு உப்பு முடிந்தது. கணக்காய்ச் செய்கிறேன் என்று எனக்குள்ளே ஒரு பெருமையும் இருந்தது. வீக்கமும் வற்றத் தொடங்கியது.

பிறகு மாரி வந்தது. அந்த முறை மழை விடாமல் பெய்தது உனக்கு நினைவிருக்கும். அக்கராயன் குளம் முட்டி வழிந்தது. வீட்டில் இருந்த கல்லுப்பு முழுக்கக் கசிந்து தண்ணீராய்ப் போயிற்று. கடையில் பக்கற்றில் வந்த தூளுப்புத்தான் இருந்தது, அதை வாங்கினேன். அதே கரண்டி. அதே குவியல். ஒரு சிட்டிகைகூட நான் கூட்டவில்லை. மூன்று கிழமைக்குள் அவருக்குக் கால், முகம், வயிறு எல்லாம் வீங்கி, படுத்தால் மூச்சு விட முடியாமல் கதிரையில் நிமிர்ந்து இருந்தே நாளைக் கடத்தினார். ஒரு பின்னேரம் உதடு நீலம் பாரிக்கிறதைக் கண்டு ஓட்டோ பிடித்துக்கொண்டு ஓடினோம்.

வார்ட்டுக்கு உன் மாமியும் ஓடி வந்தார். கட்டிலில் அப்பாவுக்கு மூக்கில் குழாய் போட்டிருந்தது. "நீ வாய்க்கு ருசி தேடி உப்பை அள்ளிப் போட்டிருப்பாய்" என்றார் மாமி. நான் கோயில் பெயரைச் சொல்லிச் சத்தியம் பண்ணினேன். அங்கே நின்ற இளம் டொக்டர்ப் பெண்பிள்ளை சத்தியத்தைக் கேட்கவில்லை. என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போய், "அம்மா, ஒரு நாளைக்கு எவ்வளவு உப்புப் போடுறனீங்கள்?" என்று கேட்டா.

"ஒரு தேக்கரண்டி."

"எந்தத் தேக்கரண்டி? மட்டமாவோ, குவிச்சோ? கல்லுப்போ, தூளோ?"

எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. தெரியாதபோது என் வாயில் என்ன வந்தது என்று இன்றைக்குத்தான் உனக்குச் சொல்கிறேன். "என்ர மகன்தான் போனில பாத்துச் சொன்னவன்" என்று சொன்னேன். பத்தொன்பது வயதுப் பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டு நான் பின்னால் ஒளித்தேன். நீ சொன்னது சரி. நான் கேட்டதுதான் பிழை. மில்லிலீற்றர் என்றால் அது பிடிக்கிற இடம், கிராம் என்றால் அதன் பாரம். இரண்டும் ஒன்றில்லை என்று எனக்கு அப்போது தெரியாது. அந்தப் பிள்ளை எதுவும் குறை சொல்லவில்லை. "வீட்டுக்குப் போய் ஒருக்கா நிறுத்துப் பாருங்கோ" என்று மட்டும் சொன்னா. அந்த ஒரு வசனத்தில் எனக்குக் கோபம் வந்தது. நான் விசேசமென்றால் நாற்பது பேருக்குத் தனியாய் நின்று சமைக்கிறவள், எனக்கு உப்புப் போடத் தெரியாதோ என்று. அந்தக் கோபத்தோடுதான் அடுத்த நாள் கிளிநொச்சிச் சந்தைக்குப் போனேன். என் கை சரி என்று காட்டத்தான் போனேன்.

வீட்டிலிருந்து மூன்று கடதாசிச் சுருள் கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஒன்றில் அயல்வீட்டில் இரந்த கல்லுப்பு ஒரு கரண்டி. ஒன்றில் தூளுப்பு அதே கரண்டி, அதே குவியல். ஒன்றில் தூளுப்பு விரலால் வழித்து மட்டமாக்கியது. பலசரக்குக் கடைத் தராசில் வைத்தால் முள் அசையவில்லை. கடைக்காரர் சிரித்தார். "இதை நிறுக்கிறதெண்டால் நகைக்கடைக்குத்தான் போகவேணும் அக்கா." அவர் பகிடிக்குச் சொன்னார். நான் நேரே நகைக்கடைக்குப் போனேன்.

அந்தக் கடைப் பத்தரிடம்தான் எங்கள் கலியாணத் தாலியும் செய்தது. கண்ணாடிப் பெட்டிக்குள் சின்னத் தராசு ஒன்று வைத்திருந்தார். நான் சுருளைப் பிரிக்க, அவர் இரண்டு கையாலும் தராசை மூடிக்கொண்டார். "என்ன பிள்ளை, உப்பே? உப்புப் பட்டால் தராசு கறள் பிடிச்சுப் போகும். பொன் நிறுக்கிற தட்டில உப்பை வைக்கேலாது." கடையில் நகை பார்க்க வந்திருந்த ஒரு குடும்பம் என்னைத் திரும்பிப் பார்த்தது. எனக்கு வெட்கம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை.

"ஐயா, என்ர தாலியை நிறுத்ததும் இந்தக் கடையிலதான். அது என்ர கழுத்தில கிடக்கவேணுமெண்டால் இதையும் நிறுத்துத் தாங்கோ" என்றேன்.

அவர் ஒரு மெல்லிய கடதாசியைத் தட்டில் விரித்து, அதன் பாரத்தைக் கழித்து, சுருள்களை ஒவ்வொன்றாய்க் கொட்டினார். கல்லுப்பு ஐந்தும் சொச்சமும் காட்டியது. தூளுப்புக் குவியல் ஒன்பதுக்குக் கிட்ட. வழித்து மட்டமாக்கியதே ஆறு. நான் நம்பவில்லை. திருப்பி வைக்கச் சொன்னேன். திருப்பியும் அதுதான். "ஒரே கரண்டி ஐயா" என்றேன். "கரண்டி ஒண்டுதான், பிள்ளை. கல்லுக்கும் கல்லுக்கும் இடையில காத்து நிக்குது. தூளில காத்து நிக்க இடமில்லை. கல்லுப்பில நீங்கள் பாதி காத்தைத்தான் அளந்து போட்டிருக்கிறியள்" என்றார். அந்தக் கடை வாசல் படியில் கொஞ்ச நேரம் இருந்தேன். மூன்று கிழமையாய், ஒவ்வொரு நாளும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உப்பை, என் கையால், கவனமாய், அன்பாய், அவருக்குக் கொடுத்திருக்கிறேன். அன்பு கூடினாலும் குறைந்தாலும் தராசு அதைக் காட்டாது, தம்பி. அதில் விழுகிறதைத்தான் காட்டும். அன்றைக்கே தேடி அலைந்து ஒரு கிராமையும் காட்டுகிற பற்றரித் தராசு ஒன்றை வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏறினேன்.

அப்பா ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்த முதல் நாள் கோப்பையைத் தராசில் வைத்துப் பூச்சியமாக்கிவிட்டு மீனை நிறுத்துப் போட்டேன். உப்பைக் கிராமில் எடுத்தேன். அவர் குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பிடக் குந்தினவர் கோப்பையைத் தொடவில்லை. "முகாமில ஒருத்தன் அளந்து போட்டான். இப்ப நீ நிறுத்துப் போடுறாய். எனக்குச் சோறு வேண்டாம்" என்று எழும்பிவிட்டார். போர் முடிந்து எங்களை முகாமில் வைத்திருந்தபோது உனக்குப் பதினொரு வயது. கோப்பையோடு வரிசையில் நீயும்தான் நின்றாய். முன்னால் நின்றவருக்குப் பேணி முட்ட விழும். அப்பாவின் முறை வர அந்தக் கை பேணியை வழித்து மட்டமாக்கிப் போடும். தன் வயலில் விளைந்ததை ஊருக்குக் கொடுத்த மனுசன், அந்த வழித்த கையை மறக்கவே இல்லை. எனக்கு அது தெரியும். தெரிந்தபடியால் அன்றைக்கு எனக்கு மறுமொழி வரவில்லை. அவர் சைக்கிளை எடுக்க உடம்பில் பலமில்லாமல், பஸ்ஸில் ஏறி உருத்திரபுரத்துக்கு மாமி வீட்டுக்குப் போய்விட்டார்.

ஒன்பது நாள் அங்கே சாப்பிட்டார். நீ அப்போது, "விடுங்கோ அம்மா, மனுசன் சந்தோசமாச் சாப்பிடட்டும்" என்று சொன்னாய். ஊரும் அதைத்தான் சொன்னது. பத்தாம் நாள் காலை தராசைத் துவாயில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு நான் உருத்திரபுரம் போனேன். மாமி அடுப்படியில் நின்றார். அப்பா பக்கத்தில் கதிரையில் இருந்தார். கால் திரும்பவும் வீங்கியிருந்தது. நான் யாரையும் சுகம் கேட்கவில்லை. தராசை மேசையில் வைத்தேன்.

"மச்சாள், ஒண்டையும் மாத்தாதேங்கோ. நீங்கள் போடுற மாதிரியே உப்பைப் போடுங்கோ. போடமுதல் இந்தக் கடதாசியில ஒருக்கா வையுங்கோ. அவ்வளவுதான் கேக்கிறன்."

"நான் தம்பிக்கெண்டு உப்பைக் குறைச்சுத்தான் போடுறனான். சும்மா கிள்ளித்தான் போடுறன்" என்றார் மாமி. அது பொய்யில்லை. அவர் அப்படித்தான் நம்பினார், நான் என் கரண்டியை நம்பின மாதிரி. "புருசனுக்கு நிறுத்துச் சோறு போடுற பெண்டுகளை நான் இந்த ஊரில கண்டதில்லை" என்றும் சொன்னார்.

"இப்ப காணுங்கோ" என்றேன்.

கோபத்தில்தான் என்றாலும் மாமி கிள்ளி வைத்தார். கத்தரிக்காய்க் கறிக்கு ஒரு கிள்ளு, பருப்புக்கு ஒரு கிள்ளு, சொதிக்கு ஒரு கிள்ளு, பின்னேரப் புட்டுக்கு மாக் குழைக்க ஒன்று. கிள்ளக் கிள்ள நான் கடதாசியை எடுக்காமல் விட்டேன். கடைசியில் பதினெட்டுக் காட்டியது. வீட்டில் சாப்பிடுகிறவர்கள் இரண்டு பேர். "ஆளுக்கு ஒன்பது. இதில கருவாடும் இல்லை, காலமை திண்ட பாணும் இல்லை" என்றேன். மாமி தராசு பழுது என்றார். அப்பா எழும்பி வந்தார். குனிந்து இலக்கத்தைப் பார்த்தார். தன் கையால் உப்பை எடுத்துத் திருப்பிப் போட்டுப் பார்த்தார். நெல்லை நிறுத்து விற்ற கை அது. சாக்குக் கணக்கில் கேட்டு வருகிறவர்களைப் படலையிலேயே திருப்பி அனுப்பினவர் அவர். மெதுவாய்ச் சொன்னார்: "அக்கா, ஈரநெல்லும் ஒரு சாக்குத்தான், காய்ஞ்ச நெல்லும் ஒரு சாக்குத்தான். ரெண்டும் ஒரு பாரமோ?"

அப்போதுதான் ஒன்பது நாளாய் எனக்குள் கிடந்த மறுமொழி வந்தது. "முகாமில அளந்தவனுக்கு நீங்கள் ஆரெண்டு தெரியாது. தெரிஞ்சுகொள்ளவும் அவன் விரும்பேல்லை. நான் ஆருக்கு நிறுக்கிறன் எண்டு எனக்குத் தெரியும். நீங்கள் என்னை வெறுத்தாலும் நிறுப்பன். இதோட என்னை விட்டுட்டுப் போனாலும் தராசோட இஞ்ச வந்து நிப்பன்" என்றேன். அவர் என்னைப் பார்க்காமல், "பஸ் எத்தினை மணிக்கு?" என்று கேட்டார்.

தம்பி, அதற்குப் பிறகு நடந்ததை நீ அரைவாசிதான் கண்டாய். நீ பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாய். விடுமுறைக்கு வரும்போது நான் தராசோடு நிற்பதை மட்டும் கண்டாய். நிறுத்தது பாதிக்கு மேல் அவர்தான். உன் பழைய பயிற்சிக் கொப்பி ஒன்றின் பின்பக்கத்தில் அவருடைய எழுத்து இன்னும் இருக்கிறது. வீட்டில் இருந்த ஒவ்வொரு அளவையும் அவர் பாரமாக்கினார். அரிசி ஒரு சுண்டு, பருப்பு ஒரு சுண்டு என்று வேறு வேறாய் எழுதினார். அரித்த மா ஒரு சுண்டு நூற்றைம்பது கிராம் என்று எழுதி, அதே சுண்டைத் தட்டி அமத்திப் போட்டால் நூற்றுத்தொண்ணூறு என்று கீழே எழுதி, "இத்தனை நாளும் புட்டு ஏன் ஒரு நாள் பூவாயும் ஒரு நாள் கல்லாயும் வந்ததெண்டு இப்ப விளங்குது" என்று என்னைச் சீண்டினார். நெத்தலி ஒரு சிறங்கைக்கு இரண்டு கணக்கு எழுதியிருக்கிறார்: "என் கைக்கு இருபது, அவள் கைக்குப் பதினான்கு." இனிமேல் தன் கையால் நெத்தலி எடுப்பதில்லை என்று அவராகவே விட்டார். கிழமை முழுக்கக் கறியில் உப்பைக் குறைத்து, தேசிக்காய்ப் புளியாலும் மிளகாலும் ஒப்பேற்றி, சனிக்கிழமை மத்தியானம் சுடுதண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்த நெத்தலியில் சின்னதாய் ஒரு பொரியல் சாப்பிடுவார். அதையும் அவர்தான் நிறுப்பார். பொரியல் ஆற முதல் வாசலுக்கு வந்து நிற்கிற முகத்தை நீ கண்டிருந்தால் அந்தியேட்டியில் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க மாட்டாய்.

நான் பிழையே விடாதவள் என்று சொல்ல வரவில்லை. சித்தப்பாவின் மகளுடைய கலியாணத்தில் அவருடைய இலையில் விழுந்த ஊறுகாயையும் அப்பளத்தையும் வடையையும் நான் எட்டிப் பறித்ததை நீ கண்டாய். பந்தியில் எல்லோரும் கண்டார்கள். நீ பாதிச் சாப்பாட்டில் எழும்பிப் போனாய். அன்றைக்கு என்னை ஆட்டினது பயம். பயம் வந்தால் மனுசிக்குக் கண் தெரியாது. வரும் வழியில் அவர், "சபையில என்னைச் சின்னப்பிள்ளையாக்கிப் போட்டாய்" என்று மட்டும் சொன்னார். ஒரு கிழமை என்னோடு சரியாய்க் கதைக்கவில்லை. ஒரு வடை அவரைக் கொன்றிருக்காது. அடுத்த நேரச் சாப்பாட்டில் கழித்திருக்கலாம். இதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். உன்னிடமும் இப்போது கேட்கிறேன். இதற்கு மட்டும்தான். நாளைக்கு உனக்கென்று ஒருத்தி வந்து, அவளுக்காகவோ பிள்ளைக்காகவோ நீ ஒன்றைக் கண்டிப்பாய்ச் செய்ய வேண்டி வந்தால், செய். ஆனால் ஆட்களுக்கு முன்னால் கையிலிருந்து பறிக்காதே.

அவருக்கு எட்டு வருடம் கிடைத்தது. தராசால்தான் கிடைத்தது என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். மருந்தும் இருந்தது, அவருடைய பிடிவாதமும் இருந்தது. ஆனால் அந்த எட்டு வருடத்தில் அவர் உன் பட்டமளிப்புக்கு வேட்டி உடுத்து வந்தார். ஏழு மாரிக் காலபோக விதைப்புக்கு வரம்பில் இறங்கி நின்றார். கடைசி வருடம் கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கப் போய்வந்தோம். பிறகு ஒரு நாள் டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டு, "இனி அவருக்கு விருப்பமானதைக் குடுங்கோ அம்மா" என்றார். அதன் கருத்து எனக்கு விளங்கியது. வீட்டுக்கு வந்து தராசைத் தொடாமல் சமைத்தேன். நெத்தலி, மோர்மிளகாய், சொதி, எல்லாம் பழைய கையாலே, பழைய நாக்காலே. ஒரு கோப்பை நிறையப் போட்டுக் கட்டிலில் கொண்டுபோய் வைத்தேன். மூன்று வாய் சாப்பிட்டார். முகத்தைச் சுளித்தார்.

"என்னப்பா இது, ஒரே உப்பு. இதை எப்பிடிச் சனம் தின்னுது?" என்றார்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். மிச்சத்தை நான் சாப்பிட்டேன்; எனக்கும் உப்புத்தான். எட்டு வருடத்தில் எங்கள் இரண்டு பேருடைய நாக்கும் மாறிப் போயிருந்தது, எங்களுக்கே தெரியாமல். அவருக்குப் பருப்பையும் சோற்றையும் பிசைந்து, தேசிக்காய் விட்டு ஊட்டினேன். நல்லாய் இருக்கு என்றார். நீ வந்து சேர்ந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. நீ கண்டது ஒட்டி உலர்ந்த ஒரு மனுசனையும் குசினி மேசையில் ஒரு தராசையும்தான். உன்னில் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் நீ காணாததைக் கொண்டு எனக்குத் தீர்ப்புச் சொல்லவும் விடமாட்டேன்.

இன்னொன்றும் மாமி உனக்குப் போனில் சொல்லியிருப்பார், நானே சொல்லிவிடுகிறேன். முப்பத்தொன்று கழிந்த அடுத்த செவ்வாய்க்கிழமையே நான் வெள்ளைச் சேலையோடு கிளினிக்குக்குப் போனேன். மருந்தெடுக்க இல்லை. அப்பாவோடு போய்க் காத்திருந்த காலத்தில் அங்கே வருகிற பெண்கள் என்னிடம் கேட்பார்கள், இந்தக் கடதாசியில் இருக்கிற கிராமை எங்கே பிடிக்கிறது அக்கா என்று. நான் என் கரண்டிக் கதையைச் சொல்லி, அடுத்த முறை உங்கட கரண்டியையும் உங்கட வீட்டு உப்பையும் கொண்டு வாங்கோ என்பேன். கொண்டு வந்தார்கள். மரக்கரண்டி, பிளாஸ்ரிக் கரண்டி, மருந்துப் போத்தல் மூடி. ஒரு மனுசி புருசனுடைய கையையே கொண்டு வந்தா: "அவர்தான் போடுறவர், நிறுங்கோ" என்று. நோயாளர் இருக்கிற வாங்கிலில் இருந்து இதைச் செய்ய வேண்டாம் என்று அங்கே வேலை செய்கிற ஒருவர் சொன்னார். நான் மதிலோரம் வேப்பமரத்தடிக்குப் போனேன். அங்கேயும் வந்து பார்த்தார். "நான் ஒருத்தருக்கும் எதைத் தின்னு, எதைத் தின்னாதே எண்டு சொல்லேல்லை. அதை டொக்டர் சொல்லுவார். அவையின்ர கையில எவ்வளவு பாரம் இருக்கெண்டுதான் சொல்லுறன்" என்றேன். போய்விட்டார். இப்போது செவ்வாய்க்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் சுற்றி நிற்கிறார்கள். மாமி, "துக்கம் ஆறமுதல் ஊர் சுத்துறியோ" என்று கேட்டார். துக்கம் வீட்டில் இருந்தால் ஆறும் என்று யார் சொன்னது? நான் போவேன். என் முழங்கால் விடுகிற மட்டும் போவேன்.

இனி உன் விசயம். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் குடித்து, எங்கள் வயல் வரம்பில் வளர்ந்த பிள்ளை நீ. அப்பாவுக்கு வந்தபடியால் நீயும் வருடம் ஒரு தரம் இரத்தம் சோதிக்க வேண்டும் என்று டொக்டர் உன் முகத்தைப் பார்த்துச் சொன்னவர். இரண்டு வருடமாய் "நேரமில்லை அம்மா" என்கிறாய். அந்தியேட்டியன்று நீ என்னைக் கோபித்தது அப்பாவுக்காக மட்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். தராசு ஒரு நாள் உன் கோப்பைக்கும் வந்துவிடுமோ என்ற பயமும் அதில் இருந்தது. பயப்படு. பயந்துகொண்டு போய்ச் சோதி.

எனக்கு மன்னிப்புக் கேட்டு எழுதாதே. அது எனக்கு வேண்டாம். வருகிற திங்கட்கிழமைக்கு முன்னம் இரத்தம் கொடுத்து, அந்தச் சோதனைத் துண்டைப் படம் பிடித்து என் போனுக்கு அனுப்பு. வராவிட்டால் புதன்கிழமை முதல் பஸ்ஸில் நான் வவுனியாவில் நிற்பேன். உன் கந்தோருக்குள் வந்து, உன்னோடு வேலை செய்கிற அத்தனை பேரும் பார்க்க, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவேன். பறிக்காதே என்று உனக்குச் சொன்னவள்தான் நான், ஆனாலும் பிடிப்பேன். உனக்கு வெட்கமாய் இருக்கும்.

இருக்கட்டும்.

அம்மா